ஹீட்டர் 299 வெள்ளி, பொருத்துகூலி 815 வெள்ளி

அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று வருடமாகவே இருக்கிறது. பெங்காலான் ஹூலுவின் விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா இன்னும் அந்த ஊரைப் பழைய பெயரில் 'குரோ' என்றுதான் சொல்வார். ஐந்து மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, சாமி விளக்கேற்றிய பிறகுதான் கோப்பி. எத்தனை முறை சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார். அம்மாவை மாற்ற முடியாது, தண்ணீரையாவது மாற்றுவோம் என்று இணையத்தில் மலிவு விற்பனை வந்தபோது ஒரு வாட்டர் ஹீட்டர் வாங்கினேன். 299 வெள்ளி. கிள்ளானில் உட்கார்ந்தபடியே அம்மா வீட்டு முகவரிக்கு அனுப்பியும்விட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலரும் இப்படிச் செய்திருப்பீர்கள். சிலர் ஏர்கோன் அனுப்பியிருப்பீர்கள், சிலர் மின்சார அடுப்பு. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு நாம் செய்வது பெரும்பாலும் இதுதானே. நேரில் போக முடியாத குறையை கூரியர்காரர் தீர்த்து வைக்கிறார்.

யார் மாட்டுவது என்ற கேள்விக்கும் பதில் இருந்தது. அம்மாவின் தாமானில் கைவேலை செய்யும் ஒருவர் உண்டு. காற்றாடி, விளக்கு, குழாய் எல்லாம் பார்ப்பார். 120 வெள்ளி போதும், ஒரு மணி நேர வேலை என்றார். ஆனால் அந்த வாரம் அவருக்கு சுங்கை பட்டாணியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அம்மாவுக்குப் பொறுமை இல்லை. கோயில் கமிட்டியில் விசாரித்து, கிரிக்கில் இருக்கும் ஒரு வயர்மேனின் எண்ணை வாங்கி அழைத்துவிட்டார். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி இருந்து அவர் வந்தார். மதியம் எனக்குப் போன் வந்தது.

“தம்பி, அக்கா வீட்டிலேர்ந்து பேசறேன். ஹீட்டரை இன்னிக்கு மாட்ட முடியாது.”

“ஏண்ணே, ஹீட்டர்ல ஏதும் பழுதா?”

“ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. வீடுதான் சரியில்ல.”

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் நான்கு படங்களும், கையால் எழுதிய ஒரு பட்டியலும் வந்தன. கூட்டுத்தொகை 815 வெள்ளி. 299 வெள்ளி ஹீட்டரை மாட்ட 815 வெள்ளி! மகன் கோலாலம்பூர்ப் பக்கம் வேலை பார்க்கிறான் என்று தெரிந்து விலையை ஏற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். நான் நேரில் வருகிறேன், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினேன். குவாலா கங்சாரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, லெங்கோங், கிரிக் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அம்மா கொடுத்த தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “பசியாறிட்டு வாங்க தம்பி, அப்புறம் காட்டறேன்” என்றார்.

முதலில் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். அதில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி இருக்கும். பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பட்டன் வைத்திருக்கும். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. திரும்பி வருவது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒரு பழைய இரும்புப் பெட்டி வழியாகக் கசியலாம், ஒரு மனித உடம்பு வழியாகவும் கசியலாம். அது என்ன ஏது என்று விசாரிக்காது, கண்மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும்.

அம்மா வீட்டில் அது விழாது. காரணம் எளிமையானது. அந்தப் பக்கம் இடி அதிகம். ஒவ்வொரு இடிக்கும் கருவி விழுந்து வீடு இருட்டாகும். இரவு இரண்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி அதைத் தூக்கிவிட அம்மாவால் முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கைவேலைக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் இரண்டு துண்டு வயரைப் போட்டு, மின்சாரம் அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்துவிட்டார். கூலி 30 வெள்ளி. அதன் பிறகு எந்த இடிக்கும் வீடு இருட்டாகவில்லை. அம்மா அவரைப் போனில் எனக்குப் புகழ்ந்தது நினைவிருக்கிறது. “நல்ல ஆளும்மா, நம்பரை வச்சிக்கிங்க” என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து பின்பக்கம் கூட்டிப் போனார். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு எர்த் கம்பி மண்ணில் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா இருந்த காலத்தில் அடுப்படியைப் பின்னால் நீட்டியபோது, கொத்தனார் அந்தக் கம்பியையும் சேர்த்து சிமெண்டு போட்டு மூடியிருக்கிறார். வயர் எங்கேயோ அறுந்துபோயிருந்தது. அப்பா அன்று மேஸ்திரியிடம் பேரம் பேசி 200 வெள்ளி குறைத்ததை நாங்கள் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“எர்த் இல்லாத வீட்ல, கசிஞ்ச கரண்ட் பூமிக்குப் போக வழி தேடும் தம்பி. குளிக்கிற அறையில ஈரத் தரையில வெறுங்காலோட நிக்கிறது யாரு? அக்காதான். அப்ப அக்காதான் எர்த் வயர்.”

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார்.

நான் விடவில்லை. ஹீட்டருக்குள்ளேயே பாதுகாப்புப் பட்டன் இருக்கிறதே என்றேன். “அது ஹீட்டருக்குள்ள நடக்கிறதைப் பார்த்துக்கும். அது வரைக்கும் வர்ற வயருக்கு யார் காவல்?” என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின் 36ஆவது விதிப்படி, தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே விழும் கருவி வேண்டும். கையால் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100. பழைய வீடுகளில் பெரும்பாலும் 100 மட்டும்தான் இருக்கும். கசிவால் வீடு தீப்பிடிக்காமல் காக்க அது உதவும். குளியலறையில் நிற்கும் ஆளைக் காக்க அது போதாது.

இந்த மில்லியாம்பியர் கணக்கு எனக்கும் முதலில் புரியவில்லை. அவர் சொன்ன உதாரணத்தில் புரிந்தது. வரவேற்பறையில் எரியும் 10 வாட் எல்.இ.டி. பல்பு இருக்கிறதே, அது இழுப்பதே ஏறக்குறைய 43 மில்லியாம்பியர். அதில் கால் பங்கு கூட வேண்டாம், 10 தாண்டுவதற்குள் விழ வேண்டும் என்பது விதி. ஒரு சின்னப் பல்பு எரியப் போதுமான மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் இதயம் தாளம் தப்பிவிடலாம்.

இனி அந்த 815 வெள்ளிக் கணக்கு. 10 மில்லியாம்பியர் கருவி 140. மெயின் சுவிட்சில் கெடுத்து வைத்திருந்ததற்குப் பதில் புதியது 95. எர்த் கம்பி, வயர், மூடி 110. குளியலறைக்குத் தனி வயரும் குழாயும், வெளியே வைக்கும் 20 ஆம்பியர் சுவிட்சும் 130. இரண்டு ஆள் ஒரு நாள் கூலி 280. பயணத்துக்கு 60. தனி வயர் எதற்கு என்று கேட்பீர்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கைவேலைக்காரரின் 120 வெள்ளித் திட்டம், அடுப்படியில் இருந்த 13 ஆம்பியர் பிளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து விடுவதுதான். முதல் நாள் சுடுதண்ணீர் வந்திருக்கும். அம்மா என்னைப் போனில் பாராட்டியிருப்பார்.

பொருளின் விலையை நான் கடையில் விசாரித்துக்கொள்ளலாம். அதனால் அதில் சண்டை இல்லை. எனக்கு உறுத்தியது கூலியும் பயணக் காசும்தான். அன்று முழுக்க அவரோடு இருந்ததால் அதையும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் கேக்கறதுதான்” என்றார்.

280 வெள்ளியில் உதவியாளுக்கு 90. மீதியில் பிக்கப் வண்டியின் தவணை, டயர், இன்சூரன்ஸ். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை எடுக்கப்பட்டபோது ஒரு லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. பிறகு ஏறி இறங்குகிறது, ஆனால் பழைய விலை திரும்பவில்லை. கிரிக்கிலிருந்து பெங்காலான் ஹூலு போய்வர 100 கிலோமீட்டர். ஒரு ஆணி குறைந்தாலும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. 10 மில்லியாம்பியர் கருவி அவர் ஊர்க் கடையில் எப்போதும் இருப்பதில்லை. ஈப்போவிலிருந்து வரவழைத்துத் தன் காசைப் போட்டு நான்கைந்து வாங்கி வைத்திருக்கிறார். வயரின் காப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் மெகர், எர்த் அளக்கும் மீட்டர், கருவி எத்தனை நேரத்தில் விழுகிறது என்று பார்க்கும் மீட்டர் எல்லாம் சேர்த்து சில ஆயிரம் வெள்ளி பிடிக்கும். கைவேலைக்காரரின் பையில் ஒரு டெஸ்ட் பேனாவும் கறுப்பு டேப்பும் இருந்தால் போதும். விலை வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

லைசென்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு. ஒன்று, ஆளுக்குரிய தகுதிச் சான்றிதழ். எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் கீழ் தருவது. வயர்மேன்களில் ஒற்றை பேஸ் தனி, மூன்று பேஸ் தனி. நம் தாமான் வீடுகளுக்கு ஒற்றை பேஸ் போதும். கடை, பட்டறை, ஏர்கோன் நிறைய உள்ள பெரிய வீடு என்றால் மூன்று பேஸ். வேலை முடித்ததைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதற்கும் அனுமதி வேண்டும். இரண்டாவது, மின் ஒப்பந்தக்காரர் என்ற பதிவு. அது தொழிலுக்குரியது. அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் உள்ள ஆள் இல்லாமல் அந்தப் பதிவு கிடைக்காது. (இது தீபகற்பத்துக்கு. சரவாக்கில் சட்டமே வேறு. சபாவில் 2024 ஜனவரியிலிருந்து அந்த மாநிலத்துக்கென்று தனி ஆணையம் இயங்குகிறது.)

புதிதாக வயரிங் செய்தாலோ, பழையதை மாற்றினாலோ, நீட்டினாலோ வயர்மேன் இரண்டு பாரங்களில் கையெழுத்திட வேண்டும். போராங் ஜி, வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு. போராங் எச், சோதித்ததற்கு. ஏதாவது நடந்து விசாரணை வந்தால் முதலில் தேடப்படுவது அந்தக் கையெழுத்துக்காரர்தான். எங்கள் அடுப்படியை நீட்டியபோது இந்த இரண்டு பாரங்களையும் யாரும் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அவர் சான்றிதழ் வாங்கிய கதையைக் கேட்டேன். பதினேழு வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம் ஏணி தூக்கச் சேர்ந்திருக்கிறார். முதல் இரண்டு வருடம் சுவரைக் கொத்தியதுதான் வேலை. ஒற்றை பேஸ் சான்றிதழ் இருபத்தாறு வயதில். மூன்று பேஸுக்கு நாற்பது ஆகிவிட்டது. சனி ஞாயிறுகளில் ஈப்போவுக்குப் போய், இரவு உறவினர் வீட்டில் தங்கிப் படித்திருக்கிறார். “பாடம் கஷ்டமில்ல தம்பி. கையால செஞ்சது எல்லாமே. அதை மலாய்ல எழுதணும், எதிர்ல உக்காந்து வாயாலயும் சொல்லணும். அங்கதான் நாக்கு ஒட்டிக்கிச்சு.” முதல் முறை தேறவில்லை. பயிற்சிக் கட்டணம், பயணம், அந்த நாள்களில் விட்டுப்போன கூலி என்று கூட்டினால் மூன்று பேஸுக்கு மட்டும் 5,000 வெள்ளிக்கு மேல் போயிருக்கும் என்றார்.

ஈப்போவில் இருக்கும் பையனுக்கு இது மாலை வகுப்பு. கிரிக்கில் இருப்பவனுக்கு இது ஒரு குடும்பச் செலவு. சின்ன ஊர்களில் சான்றிதழ் உள்ளவர்கள் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

இதுவரை ஆறு பையன்களைப் பழக்கியிருக்கிறார். அதில் நான்கு பேர் நம் பிள்ளைகள். சான்றிதழ் கையில் வந்ததும் போய்விடுவார்கள். ஒருவன் பினாங்குத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. ஒருவன் சிங்கப்பூர். ஒருவன் ஜொகூரில் புதிதாக எழும்பும் தரவு மையங்களில். “நானே போகச் சொன்னேன். இங்க இருந்தா அவன் எப்ப கல்யாணம் பண்ணி, எப்ப வீடு வாங்கறது?” சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குள் ஏறினார். அவர் இப்போது வைத்திருக்கும் பையனுக்கு வயது பத்தொன்பது. இன்னும் ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கும் நிலையில் இருக்கிறான்.

மதியம் ஒரு மணி. தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தவழ்ந்து வயர் இழுக்க வேண்டும். நான் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தேன், ஒரு நிமிடம் தாங்கவில்லை. குளவிக்கூடு, எலிப்புழுக்கை, சில வீடுகளில் பாம்பு. அவர் நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். இறங்கியபோது சட்டையைப் பிழியலாம் போல இருந்தது. அம்மா மோர் கொடுத்தார்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கூரையிலிருந்து இறங்கும்போது ஏணி வழுக்கி, மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்திருக்கிறார். முதலாளி என்று ஒருவர் இருந்தால் பெர்கேசோ இருக்கும். தனக்குத் தானே முதலாளி என்பதால் அப்போது எதுவும் இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்கான பெர்கேசோ திட்டம் 2017இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி, பிறகு மற்றத் தொழில்களுக்கும் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு சந்தாவிலிருந்து படிகள் உண்டு. கை முறிந்த பிறகுதான் அவர் அதில் சேர்ந்தார். உங்கள் வீட்டில் தனியாகத் தொழில் செய்யும் அண்ணனோ மாமாவோ இருந்தால் இன்றே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பலர் இன்னும் சேரவில்லை.

காசு வந்துசேரும் விதமும் சின்ன ஊரில் வேறு. எல்லாரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் உறவு. “மாசக் கடைசியில தர்றேன் அண்ணே” என்பதை மறுக்க முடியாது. அவருடைய நோட்டில் இரண்டு வருடத்துக் கடன்கூட இருக்கிறது. கோயில் திருவிழா விளக்கு வேலை சாமி காரியம், அதற்குக் கூலி கேட்பதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு சண்டை உண்டு. பால்குடம், அபிஷேகம் என்று தரையெல்லாம் தண்ணீர். அதன் மேல் எக்ஸ்டென்ஷன் வயர் ஓடும். தனிக் கருவியும் எர்த் கம்பியும் போடாமல் விளக்கு எரிய விடமாட்டேன் என்று ஒரு வருடம் நின்றிருக்கிறார். கமிட்டியில் ஒருவர், “இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே, சாமி பார்த்துக்காதா?” என்று கேட்டாராம். “சாமி பார்த்துக்கும், போராங்ல சாமி கையெழுத்துப் போடாதே” என்றாராம் இவர். பிறகு போட்டார்கள்.

“இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே” என்பதுதான் அவருடைய தொழிலுக்கு முதல் எதிரி என்று தோன்றுகிறது. அம்மாவின் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்து லயத்தில் பொழுது சாய்ந்தால் சில மணி நேரம் மட்டும் மின்சாரம், தோட்டத்து ஜெனரேட்டர் நின்றால் விளக்கும் நின்றுவிடும் என்று வாழ்ந்தவர்கள். விளக்கு எரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். படித்த நமக்கு என்ன வந்தது? கைப்பேசிக்கு 40 வெள்ளியில் உறை வாங்கிப் போடுகிறோம்.

பின்பக்கம் எர்த் கம்பியை அடித்து மீட்டரில் பார்த்தார். திருப்தியில்லை. கொஞ்சம் தள்ளி இரண்டாவது கம்பியை அடித்து இரண்டையும் சேர்த்தார். இரண்டாவது கம்பிக்குக் காசு கேட்கவில்லை. ஆறு மணிக்குக் கருவியின் டெஸ்ட் பட்டனை அம்மாவையே அழுத்தச் சொன்னார். 'டக்' என்று விழுந்தது. அம்மா பயந்து கையை இழுத்துக்கொண்டார். “மாசம் ஒருக்கா இப்படி அழுத்துங்கக்கா. விழலைன்னா அன்னிக்கே எனக்குப் போன் போடுங்க.” பெட்டி உயரத்தில் இருப்பதுதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம்? அதைக் கேட்காமலே, கை எட்டும்படி கீழே இறக்கி வைத்திருந்தார். நான் 815 வெள்ளியைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை என்று பெருமை அடித்துக்கொள்ள வழியில்லை. சனிக்கிழமை காலையில் என் மனதில் இருந்தது 600.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இடிக்கு விழுவதில்லை, அது நல்லதில்லையா என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஒரே வரிசையில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் பயணச் செலவு ஒன்றுதானே? அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஆறு வீடுகள் சேர்ந்தன. பயணக் காசு வீட்டுக்கு 10 வெள்ளி. ஆறில் மூன்று வீட்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எதுவும் விழவில்லை. ஒன்றில் எங்கள் வீட்டில் இருந்த அதே இரண்டு துண்டு வயர், அதே கறுப்பு டேப். அவருக்கும் அன்று நல்ல வேலை. காசை அம்மாவே வசூலித்துக் கையில் கொடுத்துவிட்டார், மாசக் கடைசிப் பேச்சுக்கு இடமில்லை.

உங்கள் அம்மா அப்பாவும் இப்படி ஒரு ஊரில் இருந்தால், சில கேள்விகளை மட்டும் போனிலேயே கேட்டுவிடலாம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா? வீட்டை நீட்டியபோது எர்த் கம்பி என்ன ஆனது? ஹீட்டர் ஏற்கெனவே இருந்தால் அதற்குத் தனி வயரா, இல்லை பிளக்கிலிருந்து இழுத்ததா? பொருள் வாங்கி அனுப்புபவர்கள் சிரிம், சுருஹான்ஜாயா தெனாகா முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் அது இல்லாததும் விற்கிறார்கள். ஆளை அழைக்கும்போது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இருப்பவர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். அந்த அண்ணன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார், கேட்பார் இல்லை என்பதுதான் அவருடைய குறை.

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா அழைத்தார். இந்த நேரத்தில் போன் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். இரவு பெரிய இடியாம், இரண்டு மணிக்கு வீடு இருட்டாகிவிட்டதாம். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே தூக்கிவிட்டாராம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் போய்த் தூக்கிவிட்டு வந்தாராம்.

“சரிம்மா, சுடுதண்ணியிலதானே குளிக்கிறீங்க?”

“முழங்காலுக்கு மட்டும் ஊத்திக்கறேன்” என்றார். “தலைக்குப் பச்சைத் தண்ணிதான்.”